நெருப்பைச் சொல்லிப் பயமுறுத்திய நாளுக்குப் பிறகு

என் மகளுக்கு நாலரை வயதாக இருந்தபோது, பெருநாளைக்கு மட்டும் வெளியே எடுக்கும் பீங்கான் கோப்பை ஒன்றை உடைத்துவிட்டுத் தம்பிதான் உடைத்தான் என்று சொன்னாள். தம்பி அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தான்; அந்த அலமாரித் தட்டு அவனுக்கு எட்டவே எட்டாது. காலையிலிருந்து வீட்டு வேலையிலும் என் உம்மாவின் மருத்துவத்துக்காகச் சிதம்பரம் போய்வந்ததிலும் களைத்துப் போயிருந்த நான், அவளுடைய முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், பொய் சொன்னால் அல்லாஹ் நெருப்பில் போட்டுவிடுவான் என்று சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. அழாததால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மாலைத் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் தொழுகை விரிப்பான முசல்லாவை விரித்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் தன் சின்ன மக்கனாவை (தலைத்துணியை) மாட்டிக்கொண்டு எனக்கு வலப்பக்கம் வந்து நிற்பவள் வரவில்லை. தேடிப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டதற்கு மெதுவான குரலில், "நீங்க தொழுங்க உம்மா. நான் வந்தா அவன் என்னைப் பாத்துடுவான்" என்றாள்.

அன்று தொழுகையில் நான் என்ன ஓதினேன் என்பது எனக்கு நினைவில்லை. எந்த இறைவனிடம் ஓடிப்போய் நிற்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்க நினைத்தேனோ, அவனிடமிருந்து ஒளிந்துகொள்ள என் குழந்தைக்கு நானே கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் கடற்கரை ஊரான பரங்கிப்பேட்டையில் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் பிள்ளைகளை அடக்குவதற்குப் பெரியவர்கள் சொல்லும் சொற்களை அதன் பிறகு கவனித்துக் கேட்கத் தொடங்கினேன். சாமி கண்ணைக் குத்தும் என்று ஒரு வீட்டில் சொல்வதைத்தான் எங்கள் வீடுகளில் பெயரை மட்டும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சோறு உண்ணாத பிள்ளைக்கும், தூங்காத பிள்ளைக்கும், குளிக்க அடம்பிடிக்கிற பிள்ளைக்கும் அல்லாஹ் கோபித்துக்கொள்வான் என்றே சொல்கிறோம். நம்முடைய பொறுமையின்மையை அவன்மேல் ஏற்றிச் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

எங்கள் தெருவில் பெண்களுக்குப் பாடம் நடத்தும், மார்க்கக் கல்வி கற்ற ஆலிமா ஒருவரிடம் இதை வெட்கத்தோடு சொன்னேன். அவர் என்னைக் கண்டிக்கவில்லை. புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் வரும் ஒரு செய்தியை மட்டும் சொன்னார். போர்க் கைதிகளாக வந்தவர்களில் ஒரு பெண் பதறிப்போய்த் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தையைக் கண்டதும் வாரியெடுத்து மார்போடு அணைத்துப் பாலூட்டினாள். அதைப் பார்த்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம், இந்தப் பெண் தன் குழந்தையை நெருப்பில் எறிவாளா என்று கேட்டார்கள். எறியாமலிருக்க அவளால் முடியும் என்றால் ஒருபோதும் எறிய மாட்டாள் என்றார்கள் தோழர்கள். இவள் தன் குழந்தைமீது காட்டும் அன்பைவிட அல்லாஹ் தன் அடியார்கள்மீது அதிக அன்புடையவன் என்றார்கள் நபியவர்கள். சிறு வயதிலிருந்து எத்தனையோ பயான்களில் கேட்ட செய்திதான் இது. ஆனால் நெருப்பு என்ற அதே சொல், நான் அதைப் பயன்படுத்திய முறைக்கு நேர் எதிராக அங்கே நிற்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

நரகம் இல்லை என்று நான் சொல்லவில்லை. குர்ஆன் அதைத் தெளிவாகவே எச்சரிக்கிறது. அறிவு முதிரும்போது என் பிள்ளைகளும் அதை ஓதித் தெரிந்துகொள்வார்கள். ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறது. குர்ஆனின் 114 அத்தியாயங்களில் ஒன்பதாவதான தவ்பாவைத் தவிர மற்ற 113 அத்தியாயங்களும் அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் என்று அவனை அழைத்தே தொடங்குகின்றன. தன்னை இந்த இரண்டு பெயர்களால் முதலில் அறிமுகப்படுத்திக்கொண்ட ஒருவனை, நான் ஏன் என் குழந்தைக்கு வேறு பெயரால் அறிமுகப்படுத்த வேண்டும்?

அவளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. உடலால் அன்றிரவே வந்துவிட்டாள். தொழுகை நேரத்தில் முகத்தில் வந்து படியும் அந்த ஒதுக்கம்தான் போகவில்லை. முதலில் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் கோபத்தில் சொன்னேன், அல்லாஹ் அப்படிச் சொல்லவில்லை, நான் சொன்னது தவறு என்று அவளுக்குப் புரியும் சொற்களில் சொன்னேன். பிள்ளையிடம் தாய் மன்னிப்புக் கேட்பதா என்று என் உம்மாவுக்கு முதலில் ஒப்பவில்லை. பிறகு அத்தியாயங்களின் அந்தத் தொடக்க வரியான பிஸ்மில்லாவின் பொருளைத் தமிழிலேயே சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். சோற்றில் கை வைக்கும்போதும், செருப்பு மாட்டும்போதும், மாடத்தில் விளக்கைப் போடும்போதும் அரபுச் சொல்லைச் சொல்லிவிட்டு, "அன்பான அல்லாஹ்வோட பேரைச் சொல்லி" என்று கூடவே சொல்வேன். ஒருநாள் அவளாகவே பூனைக்குட்டிக்குப் பால் ஊற்றும்போது அதைச் சொன்னாள். அன்று மாலை மக்கனாவை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

மொழியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓதுவதற்கு என் மகள் மதரஸாவுக்குப் போகிறாள்; அலிஃப், பே தொடங்கி இப்போது குர்ஆனின் கடைசி ஜுஸ்வில் (பகுதியில்) உள்ள சிறிய சூராக்களை, அதாவது அத்தியாயங்களை, மனனம் செய்கிறாள். உச்சரிப்பு திருத்தமாக வருவதற்கு உஸ்தாது அவசியம், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஓதிய சொல்லுக்குப் பொருள் வீட்டில் கிடைக்க வேண்டும், அதுவும் தமிழில் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இது ஒன்றும் புதிய எண்ணமல்ல. என் உம்மாவின் தாயாருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. அரபு எழுத்தில் எழுதிய தமிழைத் தங்குதடையின்றி வாசிப்பார். தமிழில் உள்ள ஒலிகளுக்கு அரபியில் எழுத்து இல்லாத இடங்களில், இருக்கிற எழுத்துகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் புது எழுத்துகளை உண்டாக்கி, நம் முன்னோர்கள் உருவாக்கிய அந்த அரபுத்தமிழில்தான் கடற்கரை ஊர்களின் பெண்கள் பல தலைமுறைகளாகத் தொழுகைச் சட்டங்களையும் நபிமார் வரலாற்றையும் படித்தார்கள். பள்ளிக்கூடம் போகாத அந்தப் பெண்கள், தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் ஒளுவின் ஃபர்ளுகளை (கட்டாயச் செயல்களை) தங்கள் தாய்மொழியில் காரணத்தோடு விளக்குவார்கள். குல் ஹுவல்லாஹு அஹத் என்று தொடங்கும் சூராவில் நான்கே வசனங்கள். அவன் ஒருவன், எந்தத் தேவையும் இல்லாதவன், அவன் யாரையும் பெறவில்லை, யாருக்கும் பிறக்கவில்லை, அவனுக்கு நிகராக எவரும் இல்லை என்று சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு வரும் கேள்விகளுக்கு ஒரு வாரம் வேண்டும்.

அப்படி வந்த கேள்விகளில் ஒன்று என்னைத் திகைக்க வைத்தது. என் கணவர் குவைத்தில் வேலை செய்கிறார். ஒவ்வொரு நாளும் இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு வீடியோவில் பேசுவார். அல்லாஹ் எங்கே இருக்கிறான், வாப்பாவைப் போல வெளிநாட்டில் இருக்கிறானா என்று மகள் கேட்டாள். காண முடிகிற ஒருவர் தொலைவில் இருப்பதை அவள் தினமும் பார்க்கிறாள். காண முடியாத ஒருவன் அருகில் இருக்கிறான் என்பதை எப்படிச் சொல்வது? என் அடியார்கள் உம்மிடம் என்னைப் பற்றிக் கேட்டால் நான் சமீபமாகவே இருக்கிறேன் என்று சூரத்துல் பகராவில் வரும் வசனத்தைச் சொன்னேன். பிறகு, வாப்பாவை நீ பார்க்கிறாய், ஆனால் சிக்னல் இல்லாவிட்டால் உன் குரல் அவருக்குக் கேட்காது. அல்லாஹ்வை நீ பார்க்கவில்லை, ஆனால் நீ வாய்க்குள் முணுமுணுத்தால்கூட அவனுக்குக் கேட்கும் என்றேன். அவள் நீண்ட நேரம் யோசித்தாள். அன்றிரவு போர்வைக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என்ன என்று நான் கேட்கவில்லை.

அவளைத் திருத்துவதைவிட என்னைத் திருத்துவதே கடினமாக இருந்தது. பொய் சொன்னதற்காக அவளைப் பயமுறுத்திய நான், அவளிடம் எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். உறங்கினால் காலையில் வாப்பா வந்துவிடுவார் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். ஊசி வலிக்காது என்றும், கடையில் மிட்டாய் தீர்ந்துவிட்டது என்றும் சொல்லியிருக்கிறேன். அபூதாவூத் என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரு செய்தி உண்டு. அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) சிறுவராக இருந்தபோது அவருடைய தாயார், இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று கூப்பிட்டார். அவர்கள் வீட்டில் அமர்ந்திருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், என்ன கொடுக்க நினைத்தீர் என்று அந்தத் தாயிடம் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள் நபியவர்கள். பிள்ளை பொய் சொன்னதற்குத் தண்டனை என்ன என்று தேடிக்கொண்டிருந்த எனக்கு, பிள்ளையிடம் பொய் சொன்ன தாயைப் பற்றிய செய்தி கிடைத்தது. அன்று முதல் வாப்பா எப்போது வருவார் என்று பிள்ளைகள் கேட்டால், எனக்குத் தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்கிறேன். அதைச் சொல்வது பல இரவுகளில் மிகவும் வலிக்கிறது.

தொழுகையைப் பற்றிப் பெற்றோர்கள் அடிக்கடி கேட்பது, எப்போது கட்டாயப்படுத்துவது என்பதுதான். ஏழு வயதில் ஏவுங்கள், பத்து வயதில் தொழாவிட்டால் அடியுங்கள் என்று வரும் ஹதீஸை (நபிமொழியை) எல்லோரும் அறிவார்கள். ஆனால் பலருக்கு அதன் பின்பகுதி மட்டுமே நினைவில் நிற்கிறது. அந்த அடி காயமோ தழும்போ உண்டாக்காத, கண்டிப்பை உணர்த்துவதற்கு மட்டுமான அடி என்றே மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஏழுக்கும் பத்துக்கும் இடையிலுள்ள மூன்று ஆண்டுகள். சந்திர ஆண்டுக்கு 354 நாள் என்று கொண்டால், நாளைக்கு ஐந்து வேளையாக அந்த மூன்று ஆண்டுகளில் 5310 தொழுகை வேளைகள் வருகின்றன. அத்தனை முறை சலிக்காமல் அன்போடு கூப்பிட்ட தாய்தகப்பனுக்குத்தான் அந்த ஹதீஸின் பின்பகுதி பேசுகிறது. ஐம்பது முறைகூடக் கூப்பிடாமல் கையை ஓங்குவதற்கு அதில் இடமில்லை. என் மகளுக்கு இந்த ஆண்டு ஏழு முடிந்திருக்கிறது. 5310இல் நாங்கள் சில நூறைத்தான் கடந்திருக்கிறோம். வைகறைத் தொழுகையான சுபுஹுக்கு எழுப்பினால் பாதி நாள் எழுகிறாள், பாதி நாள் எழுவதில்லை. எழாத நாளில் விடிந்த பிறகு தொழுகிறாள்.

நாலு வயது மகனுக்கு ஏவலே இல்லை. தொழுகையில் தரையில் நெற்றி வைக்கும் என் சுஜூதுக்காக அவன் காத்திருக்கிறான். நெற்றியை வைத்ததும் முதுகில் ஏறிவிடுவான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகை நடத்தும்போது சுஜூதை வழக்கத்தைவிட நீட்டினார்கள்; ஏதேனும் நேர்ந்துவிட்டதா அல்லது வஹீ (இறைச்செய்தி) இறங்கியதா என்று தோழர்கள் பிறகு கேட்டபோது, என் பேரன் என் முதுகில் ஏறியிருந்தான், அவன் ஆசை தீரும்முன் அவசரப்படுத்த விரும்பவில்லை என்று சொன்னார்கள் என நஸாயி என்ற நபிமொழித் தொகுப்பில் வருகிறது. ஊரே பின்னால் நிற்கும் தொழுகையில் ஒரு குழந்தையின் விளையாட்டுக்கு இடம் இருந்திருக்கிறது. பள்ளிவாசலுக்கு வரும் சிறுவர்களை அதட்டி விரட்டுகிற பெரியவர்கள் இந்தச் செய்தியை ஒருமுறை நிதானமாக நினைத்துப் பார்க்க வேண்டும் என்று மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன்.

உண்ணும் ஒழுங்கை எங்கள் ஊரில் யாரும் பாடமாக எடுப்பதில்லை, பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான சஹன் கற்றுக்கொடுத்துவிடுகிறது. கல்யாண வீட்டில் மூன்று நான்கு பேர் ஒரே சஹனைச் சுற்றி உட்காரும்போது, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக் கையால், தன் பக்கத்தில் உள்ளதை மட்டும் உண்ண வேண்டும் என்று குழந்தைக்குத் தானாகவே தெரிந்துவிடுகிறது. நபியவர்களின் பராமரிப்பில் வளர்ந்த உமர் பின் அபீ ஸலமா (ரலி) என்ற சிறுவரின் கை உணவுத் தட்டெங்கும் அலைந்தபோது அவர்கள் சொல்லிக்கொடுத்த மூன்றும் இவைதான். இறைச்சித் துண்டைப் பக்கத்துப் பிள்ளையின் பக்கமாகத் தள்ளிவைப்பதை என் மகள் அவளுடைய பெரியம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்.

கொடுப்பதையும் நான் அப்படித்தான் கற்றேன். 2004 டிசம்பர் 26 அன்று எனக்குப் பத்து வயது. சுனாமியில் வீடும் உறவும் இழந்து சுற்றியுள்ள மீனவக் கிராமங்களிலிருந்து மக்கள் எங்கள் ஊருக்குள் ஓடிவந்தார்கள். பள்ளிவாசல் ஜமாஅத்தார் அவர்களுக்கு நாள்கணக்கில் உணவளித்தார்கள். வீடுவீடாக அரிசியும் பாயும் துணியும் சேர்ந்தன. என் உம்மா, பெருநாளைக்கு வைத்திருந்த புதுச் சேலையை எடுத்து மடிப்புக் கலையாமல் கொடுத்ததைப் பார்த்தேன். ஜகாத் (கட்டாயக் கொடை), சதக்கா (விரும்பித் தரும் தர்மம்) என்ற சொற்களின் பொருளை மதரஸாவில் பிறகு ஓதியபோது எனக்கு அந்தச் சேலைதான் நினைவுக்கு வந்தது. ஆகவே நோன்பு மாதத்தில் பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வாங்கிவந்ததும், முதல் தூக்குவாளியை என் பிள்ளைகளின் கையில் கொடுத்து எதிர்வீட்டு அக்காவிடம் தரச் சொல்கிறேன். அந்த அக்கா பொங்கலுக்குக் கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் கொடுத்தனுப்புகிறவர்.

அந்த வீட்டுப் பிள்ளைகள் வேறு மாதிரி வணங்குவதைப் பற்றியும் கேள்வி வந்தது, வராமல் இருக்காது. எங்களுக்கு அருகிலுள்ள கிள்ளைக்கு ஒவ்வொரு மாசி மகத்துக்கும் ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்கு வரும்போது, கிள்ளையில் தைக்கால் என்ற இடத்தில் முஸ்லிம்கள் எதிர்கொண்டு மரியாதை செய்யும் வழக்கம் இருக்கிறது. அதில் எது மார்க்கத்துக்கு உட்பட்டது என்று எங்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அந்த விவாதம் பெரியவர்களுக்கானது. ஏழு வயதுப் பிள்ளைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: நாம் அல்லாஹ் ஒருவனை மட்டுமே வணங்குகிறோம், அதில் நமக்கு விட்டுக்கொடுத்தல் இல்லை, அவர்கள் வணங்குவதைக் கேலி செய்ய நமக்கு அனுமதி இல்லை, அதைக் குர்ஆனே தடுத்திருக்கிறது, உங்கள் மார்க்கம் உங்களுக்கு, என் மார்க்கம் எனக்கு என்று நீ மனனம் செய்த காஃபிரூன் சூராவின் கடைசி வசனம் சொல்கிறது. தன் தோழியின் வீட்டுக் கொலுவுக்குப் போகலாமா என்று அடுத்துக் கேட்டாள். தோழியைப் பார்க்கப் போகலாம், சுண்டல் தந்தால் சாப்பிடுவதற்கு முன் என்னிடம் கேள் என்றேன். என் நாத்தனார் இதற்கு வேறு பதில் சொல்லியிருப்பார். எனக்கு என் பதிலில் நிம்மதி இருக்கிறது.

2025 மார்ச்சில் வந்த நோன்பில், மகள் முதன்முறையாக சஹருக்கு (விடியலுக்கு முன் உண்ணும் உணவுக்கு) எழுந்து, நண்பகல் தொழுகையான லுஹர் வரை நோன்பிருந்தாள். வெயில் ஏறியிருந்தது. பதினொரு மணிக்குமேல் முகம் வாடியபோது, நபிகள் காலத்து மதீனாவின் அன்ஸாரிப் பெண்கள், முஹர்ரம் பத்தாம் நாளான ஆஷூரா நோன்பன்று தங்கள் பிள்ளைகளுக்குக் கம்பளியால் பொம்மை செய்து கொடுத்து, உணவுக்காக அழும்போது அதைக் காட்டி நேரத்தைக் கடத்தினார்கள் என்ற செய்தி நினைவுக்கு வந்தது. என்னிடம் கம்பளி இல்லை. என் உம்மாவின் பழைய சேலைத் துண்டில் ஒரு வாத்து தைத்தோம். அதற்கு ஒரு கண்தான் வைக்க முடிந்தது, லுஹர் பாங்கு வந்துவிட்டது. மறுநாள் அந்த இன்னொரு கண்ணைத் தைப்பதற்காகவே அவள் மீண்டும் நோன்பு வைத்தாள்.

வரும் ரமலானில் ஒரு முழு நோன்பு வைக்கப் போவதாக இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள். நண்பகலில் உடம்பு முடியாவிட்டால் திறந்துவிடலாம், அதில் குற்றமில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். அவளுடைய தலைநோன்பை, அந்த முதல் முழு நோன்பை, நேரில் பார்க்க வேண்டும் என்று என் கணவர் விடுமுறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கிடைத்துவிடும் போலத்தான் தெரிகிறது. ஆனால் வாப்பா வருவார் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் சொல்வேன்.